"புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டால் போதுமா?

அரசு மருத்துவமனையில் டிஸ்சார்ஜ் ஆகும் நேரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ஒருவர் பையைக் கட்டுவார், இன்னொருவர் ஆட்டோ பிடிக்க ஓடுவார், அதே கட்டிலுக்கு அடுத்த நோயாளி காத்திருப்பார். அந்தக் கலாட்டாவுக்கு நடுவில்தான் நர்ஸ் நாலைந்து மாத்திரை அட்டைகளைக் கையில் கொடுத்து, "இது காலைல, இது ராத்திரி, இது சாப்பாட்டுக்கு முன்னாடி... புரிஞ்சுதாம்மா?" என்பார். அந்த அம்மாவும் "புரிஞ்சுது சிஸ்டர்" என்று தலையாட்டிவிடுவார். புரியவில்லை என்றால் திட்டு விழுமோ என்ற பயம் வேறு!

புளியந்தோப்புக்காரர்களுக்கு இது பழகிய காட்சி. ஒரு பக்கம் ஸ்டான்லி, இன்னொரு பக்கம் கீழ்ப்பாக்கம். இரண்டிலும் மாத்திரை இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர், பி.பி. மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் மாத்திரை வந்து சேரும் அளவுக்கு அதைச் சாப்பிடும் முறை வந்து சேருகிறதா?

சீட்டில் 1-0-1 என்று எழுதியிருக்கும். காலை ஒன்று, மதியம் வேண்டாம், இரவு ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கு அது போன் நம்பர் மாதிரிதான் :-) சுகருக்கான மெட்ஃபார்மினைச் சாப்பாட்டோடு போட வேண்டும், கிளிபிசைடை அரை மணி நேரம் முன்னால். அதைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வேலைக்குப் போனால் சுகர் இறங்கி மயக்கம் வரலாம். டி.பி.க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும். அது ஆபத்தில்லை. ஆனால் முன்பே சொல்லாவிட்டால், ரத்தம் போகிறது என்று பயந்து மாத்திரையை நிறுத்துபவரைக் குறை சொல்ல முடியுமா? இத்தனைக்கும் ஒரு வரி சொன்னால் போதும்.

இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டாம். 1956ல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கியது. டி.பி. நோயாளிகளில் பாதிப் பேரை சானடோரியத்திலும், மீதிப் பேரை நெருக்கடியான அவரவர் வீட்டிலேயே வைத்தும் ஓராண்டு மருந்து கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு சானடோரியம் மாதிரி நல்ல சாப்பாடும் இல்லை, ஓய்வும் இல்லை. ஆனால் சுகாதாரப் பணியாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள், குடும்பத்தோடு பேசினார்கள். 1959ல் வெளியான முடிவில் வீட்டுச் சிகிச்சை கிட்டத்தட்ட சானடோரியம் அளவுக்கே பலன் தந்திருந்தது. உலகம் முழுக்க டி.பி. சிகிச்சையை மாற்றிய முடிவு அது, நம்ம சென்னையில் நடந்தது!

இன்று வார்டில் செய்ய வேண்டியதும் பெரிய வித்தை இல்லை. "புரிஞ்சுதா?" என்பதற்குப் பதில், "வீட்டுக்குப் போய் இதை எப்படிம்மா போடுவீங்க, சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்க வேண்டும். தப்பாகச் சொன்னால் இன்னொரு முறை விளக்க வேண்டும். அதையும் கடைசி நாளில் இல்லை, சேர்ந்த இரண்டாம் நாளிலிருந்தே. மாத்திரையை நர்ஸ் வாயில் போடாமல், நோயாளியையே எடுக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

"நேரம் எங்கே இருக்கு?" என்று சிஸ்டர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 3 நோயாளிக்கு 1 நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. வார்டுக்குள் போய் ஒருமுறை எண்ணிப் பாருங்கள், எவ்வளவு தூரம் என்று தெரியும். ஆள் போடாமல் "விளக்கிச் சொல்" என்று சுற்றறிக்கை அனுப்பினால், அது கையெழுத்து போட இன்னொரு ரெஜிஸ்டராகத்தான் முடியும். இலவச மாத்திரைக்கு அரசு செலவழிக்கிறது. அது வீணாகாமல் இருக்க ஆகும் நர்ஸ் சம்பளத்தை மட்டும் ஏன் தனிச் செலவாகப் பார்க்க வேண்டும்?

இன்னொன்று. பல வீடுகளில் மாத்திரையை எடுத்துக் கொடுப்பது மருமகளோ, பள்ளிக்கூடம் போகும் பேத்தியோதான். டிஸ்சார்ஜ் பேச்சு நடப்பது பெரும்பாலும் பகலில். அந்த நேரத்தில் மருமகள் வேலையில் இருப்பார், பேத்தி வகுப்பில் இருப்பாள். சாயங்காலம் அவர்கள் பார்க்க வரும்போது அந்தப் பத்து நிமிடத்தை ஒதுக்கினால் என்ன?