ஆடுகள் சேர்ந்து நின்றால் புலிக்கு வழியில்லை

மக்கள் போராட்டத்தை வைத்து ஒரு விளையாட்டு செய்ய நினைப்பவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, ஆடுபவர் யாராக இருந்து ஆடுகிறார் என்பதை. கடைகளிலும் செல்போனிலும் கிடைக்கும் வியூக விளையாட்டுகளில் பெரும்பாலும் அவர் அரசர், தளபதி அல்லது முதலாளி. குடிமக்கள் திரையோரத்தில் ஓர் எண். எண் இறங்கினால் கலகம். படையை அனுப்பி அடக்கினால் ஆட்டம் தொடரும். இதையே ஆடி வளரும் பிள்ளைக்கு, ஊர்கூடி ஒரு காரியத்தைச் சாதிக்கலாம் என்பதை யார் சொல்லித் தருவது?

கொட்டாம்பட்டியில் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். எங்கள் மேலூர் தாலுகாவில் நடந்த டங்ஸ்டன் எதிர்ப்புப் போராட்டத்தை அவர்களோடு சேர்ந்து அட்டையில் வரைந்து ஆட்டமாக்கி வருகிறேன். “இதுல ஹீரோ யாரு டீச்சர்?” என்று ஒரு மாணவி கேட்டாள். தனி ஹீரோ கிடையாது என்பதே எங்கள் முதல் விதி.

2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் வேதாந்தா குழுமத்தின் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானது. ஏறத்தாழ 5,000 ஏக்கர். 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியின் ஒரு பகுதியும் அதற்குள் வந்தது. சுரங்கத்தை எதிர்த்து ஊர் ஊராகத் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9-ல் சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7-ல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் தலைமை அஞ்சலகம் நோக்கி ஆயிரக்கணக்கானோர் புறப்பட்டார்கள். ஜனவரி 23-ல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

இந்தப் போராட்டத்துக்கு ஏற்ற ஆட்டமுறை நம் திண்ணையிலேயே இருக்கிறது: ஆடுபுலி ஆட்டம். 3 புலி, 15 ஆடு. ஆட்டால் எதையும் வெட்ட முடியாது. தனித்து நிற்கும் ஆட்டுக்கு அடுத்த புள்ளி காலியாக இருந்தால் புலி தாண்டி வெட்டிவிடும். அங்கே இன்னோர் ஆடு நின்றுவிட்டால் தாண்ட வழியில்லை. மூன்று புலிகளும் நகர இடமின்றி முடங்கினால் ஆடுகளுக்கு வெற்றி. யாரையும் வெட்டாமல் ஜெயிக்கும் வியூகத்தை நம் முன்னோர் கல்லில் கட்டம் கீறி ஆடியிருக்கிறார்கள்.

எங்கள் ஆட்டத்தில் ஒவ்வொரு பிள்ளையும் ஓர் ஊர். பேரணிக்குப் போனால் ஒருநாள் கூலி போகும். ஜனவரி 7 பேரணி பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பு, வேலையும் செலவும் நெருக்கும் நேரத்தில் நடந்தது. ‘சுரங்கத்தில் வேலை தருகிறோம்’ என்ற சீட்டும் உண்டு. கிரானைட் குவாரியில் கூலி வாங்கிப் பிழைத்த குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. அவர்களின் தயக்கத்தைத் துரோகம் என்று எழுதிவிட்டால் ஆட்டம் பொய்யாகிவிடும். அந்தச் சீட்டை எடுத்தவரை மற்றவர்கள் பேசித்தான் சேர்க்க வேண்டும். ஓர் ஊர் விலகினால் எல்லோருக்கும் தோல்வி. பிள்ளைகள் அதிக நேரம் பேசுவது அந்த இடத்தில்தான்.

விதியை மாற்றினால் பாடமே மாறிவிடும். நில ஏகபோகத்தின் கேட்டைக் காட்ட அமெரிக்காவின் லிஸி மேகி என்ற பெண்மணி ‘நிலக்கிழார் ஆட்டம்’ ஒன்றை உருவாக்கி 1904-ல் காப்புரிமை பெற்றார். செல்வத்தைப் பகிரும் விதிகளும் அதில் சேர்ந்தன. 1935-ல் ‘மோனோபோலி’ என்று பெரிய அளவில் விற்பனைக்கு வந்தபோது, அடுத்தவரைத் திவாலாக்கும் விதிகளே மிஞ்சின. போராட்டத்தை விளையாட்டாக்கும்போதும் இந்த ஆபத்து உண்டு. புள்ளிக் கணக்கில் ஒருவர் மட்டும் ஜெயிக்கலாம் என்று வைத்தால் ஒற்றுமை வெறும் அலங்காரம்.

ஆசிரியர்களுக்கும் விளையாட்டு மென்பொருள் செய்யும் தமிழ் இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் நடந்த ஒரு போராட்டத்தை எடுங்கள். அதில் கலந்துகொண்டவர்களிடம் என்ன இழந்தார்கள், யாரை எப்படிப் பேசிச் சேர்த்தார்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை ஆட்டத்தின் விதியாக எழுதுங்கள்.