இல்லறக் கணக்கு: வாடகைக் காரும் டிரைவரின் உறக்கமும்

தசரா விடுமுறை வந்துவிட்டால், தலைநகரில் வாழும் நம்மவர் இல்லங்களில் இருவகை ஆரவாரம் எழும். ஒன்று கொலு, மற்றொன்று, ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களை எங்கே அழைத்துச் செல்வது என்னும் ஆலோசனை. ஆக்ரா, மதுரா, ஹரித்துவாரம் என்று பட்டியல் நீளும். "இவ்வளவு தூரம் வந்தவர்களைக் கங்கையில் ஒரு முழுக்குப் போடாமல் திருப்பி அனுப்புவதா?" என்று இல்லாள் கேட்டால், மறுமொழி சொல்லத் துணியும் கணவர் யார்?

2024-ஆம் ஆண்டு விஜயதசமி கழிந்ததும் எங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி பிறந்தது. இருவர் மூவராயின் ரயிலே உத்தமம். நாங்களோ அறுவர்: நாங்கள் இருவர், குழந்தைகள் இருவர், முழங்கால் வலியுள்ள என் தாயார், அவருக்குத் துணையாக வந்த சித்தி. முதியவர்களை ஸ்டேஷன் படிகளில் ஏற்றி இறக்குவதைவிட, மூன்று நாளுக்கு ஒரு வாடகைக் கார் பிடிப்பதே தக்கது என்று முடிவு செய்தோம்.

மூவரிடம் விலை கேட்டேன். ஒருவர் எல்லாச் செலவும் அடங்க 11,000 ரூபாய் என்றார். மற்றொருவர் கிலோமீட்டருக்கு 14 ரூபாய் என்றார். மூன்றாமவர் 13 என்று தொடங்கி, நான் விடாது வாதாடவே 12-க்கு இறங்கினார். "டிரைவர் பேட்டாவும் இதிலேயே அடக்கம்" என்று ஒரு சலுகையும் அளித்தார். ஹரித்துவாரமும் ரிஷிகேசமும் சென்று திரும்ப ஏறத்தாழ 520 கிலோமீட்டர். பன்னிரண்டால் பெருக்கினால் 6,240 ரூபாய். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

காலை ஆறு மணிக்கு வரவேண்டிய வண்டி பத்தரை மணிக்கு வந்தது. டிரைவர் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க இளைஞர், கண்கள் சிவந்திருந்தன. புறப்படும் அவசரத்தில் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. மீரட்டைக் கடந்து, இருமருங்கும் கரும்புத் தோட்டங்கள் ஓங்கி நின்ற சாலையில் வண்டி விரைந்துகொண்டிருந்தது. குழந்தைகள் உறங்கிவிட்டார்கள். நானும் கண்ணயரும் தறுவாயில், பின்னாலிருந்து என் தாயார் தோளைத் தொட்டார்.

"தம்பி, அந்தப் பிள்ளை தூங்குகிறான். கண்ணாடியில் பார். வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்."

நிமிர்ந்து பார்த்தேன். இமைகள் மூடித் திறந்தன, மீண்டும் மூடின. வண்டி மெல்ல வலப்புறம் ஒதுங்கிற்று. அதே கணத்தில் பின்னால் ஒரு லாரியின் ஹாரன் அலறியது. நான் போட்ட கூச்சலில் அவர் திடுக்கிட்டு விழித்து, சக்கரத்தைத் திருப்பி, வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். அறுவரும் சில நிமிஷம் பேச்சற்று இருந்தோம்.

விசாரித்ததில் உண்மை வெளிவந்தது. முந்திய இரவு முழுவதும் ஜெய்ப்பூரிலிருந்து ஒரு குடும்பத்தை ஏற்றி ஓட்டிவந்தவர் அவர். விடியற்காலையில் டில்லி சேர்ந்து, வண்டியைக் கழுவி, நேரே எங்கள் வாசலுக்கு வந்திருக்கிறார். கோபத்துடன் ஏஜெண்டை அழைக்கக் கைபேசியை எடுத்தேன். "அவனிடம் பேசி என்ன ஆகப்போகிறது? முதலில் இந்தப் பிள்ளைக்குச் சோறு போடு" என்றார் தாயார். புளியோதரையும் பிளாஸ்க்கிலிருந்த காப்பியும் கொடுத்தார்கள். அம்மாவுக்கு ஹிந்தி தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. "மாதாஜி, மாதாஜி" என்று சொல்லிக்கொண்டே உண்டார். சாலையோர தாபா ஒன்றில் கயிற்றுக் கட்டிலில் படுத்தவர் இரண்டரை மணி நேரம் அசையாமல் உறங்கினார். நாங்கள் ஹரித்துவாரம் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. அன்றைய கங்கை ஆரத்தி எங்களுக்குக் கிட்டவில்லை. ஆனால் அறுவரும் முழுதாகச் சேர்ந்தோம்.

இனிக் கணக்கைக் கேளுங்கள். வெளியூர்ப் பயணத்தில் நாளொன்றுக்குக் குறைந்தது 250 கிலோமீட்டருக்கு வாடகை உண்டு என்பது இத்தொழிலில் பரவலான வழக்கம். நான் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. மூன்று நாளுக்கு 750 கிலோமீட்டர். வாடகை 9,000 ரூபாய். சுங்கம், உத்தரகண்ட் மாநில வரி, நிறுத்துமிடக் கட்டணம் எல்லாம் சேர்ந்து 1,800. ஆக 10,800 ரூபாய். முதலாமவர் சொன்ன தொகைக்கும் இதற்கும் வித்தியாசம் இருநூறே ரூபாய்! "அடக்கம்" என்று சொல்லப்பட்ட பேட்டாவோ டிரைவருக்குக் கொடுக்கப்படவே இல்லை. நான் குறைத்த விலை ஏஜெண்டின் லாபத்திலிருந்து குறையவில்லை. அந்த இளைஞரின் கூலியிலிருந்தும் உறக்கத்திலிருந்தும் குறைந்தது. திரும்பியதும் நாளுக்கு 300 வீதம் 900 ரூபாயை அவர் கையிலேயே கொடுத்தேன். என் சிக்கனம் எனக்கு 700 ரூபாய் நஷ்டத்தில் முடிந்தது. உயிர்ச்சேதம் இல்லாமல் முடிந்ததற்கு அன்னைக்கே நன்றி.

ஆகவே, வண்டி பேசும் நேயர்கள் கவனிக்க வேண்டியவை சில.

கிலோமீட்டர் விலையை மட்டும் கேளாதீர்கள். குறைந்தபட்சத் தூரம் எவ்வளவு, கணக்கு நம் வாசலிலிருந்தா அல்லது அவர்கள் ஷெட்டிலிருந்தா, இரவு ஓட்டத்துக்குத் தனிக் கட்டணம் உண்டா, சுங்கமும் வரியும் யார் பொறுப்பு என்பவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எண் பலகையைப் பாருங்கள். டிரைவருடன் வரும் வாடகை வண்டிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. நாமே ஓட்டும் வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. மின்சார வாடகை வண்டிக்குப் பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து. தெரிந்தவருடையது, மலிவு என்று வெள்ளைப் பலகைச் சொந்தக் காரை வாடகைக்கு அமர்த்தினால், விபத்து நேரும்போது காப்பீட்டுக் கம்பெனி பொறுப்பேற்க மறுக்க இடமுண்டு.

ஏழு இருக்கை வண்டி என்றால் டிரைவரையும் சேர்த்தே ஏழு. கடைசி வரிசையில் ஆள் அமர்ந்தால் பெட்டிக்கு இடமிராது. எரிவாயுவில் ஓடும் சிறு கார்களில் பின்புறப் பெட்டியின் பெரும்பகுதியைச் சிலிண்டரே பிடித்துக்கொள்ளும். மேலே கேரியர் உண்டா என்று முன்னரே கேளுங்கள். நாமே ஓட்டும் வண்டியாயின், வாங்கும்போதே ஒவ்வொரு கீறலையும் பெட்ரோல் அளவையும் படம் பிடித்து வைத்துக்கொள்வது, முன்பணத்தைத் திரும்பப் பெறும் வேளையில் உதவும்.

எல்லாவற்றிற்கும் மேலானது ஒன்று. "நேற்று இரவு எங்கே ஓட்டினீர்கள்? உறங்கினீர்களா?" என்று டிரைவரைக் கேளுங்கள். 1961-ஆம் ஆண்டின் மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளுக்கு எட்டு மணி நேர வேலை, ஐந்து மணி நேரத்துக்குப் பின் அரைமணி ஓய்வு, இரு நாள் வேலைகளுக்கிடையே ஒன்பது மணி நேர இடைவெளி என்று வகுத்தது. சட்டம் ஏட்டில் இருக்கும்; சக்கரத்தைப் பிடிப்பவர் கண்ணில் உறக்கம் இருக்கும். அதைப் பார்க்க வேண்டியவர்கள் பின்னால் அமர்ந்திருக்கும் நாம்தாம். இரவில் அவர் படுக்க ஓர் இடமும், வேளைக்குச் சாப்பாடும் உண்டா என்று விசாரிப்பதும் குடும்பத் தலைவரின் கடமையே.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அளப்பது நன்று. ஆனால் எதைக் குறைக்கிறோம் என்பதையும் அறிந்து அளக்கவேண்டும். இவ்விடுமுறையில் யாத்திரை செல்லும் நேயர்கள் சுகமே சென்று சுகமே திரும்புவார்களாக!