"அந்தப் படத்தை எடுத்துவிடேலுமோ?"

சில வருடங்களுக்கு முன் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கற்றல் உபகரணங்கள் கொடுக்கும் வேலையொன்றில் நாங்களும் நின்றோம். கொப்பி, சப்பாத்து, புத்தகப்பை. காசு கொடுத்த அமைப்பு படங்களை முகநூலில் போட்டது. ஒரு படத்தின் கீழே பிள்ளையின் பெயர், தரம், பாடசாலை, பிறகு "தந்தையை இழந்த மாணவி" என்று ஒரு வரி. அந்த வரியை எழுதிக் கொடுத்தது நாங்கள்தான்.

அவள் இப்போது ஏ.எல். படிக்கிறாள். அண்மையில் எங்களில் ஒருவருக்கு மெசேஜ் போட்டிருந்தாள்: "அக்கா, அந்தப் படத்தை எடுத்துவிடேலுமோ? வகுப்பில பெடியள் தேடி எடுத்து குறூப்பில போட்டிட்டாங்கள்."

அமைப்பிடம் சொன்னோம். நீக்கினார்கள். ஆனால் பகிர்ந்தவர்களின் பக்கங்களில் அது இன்னமும் கிடக்கிறது. பிறகு நாங்கள் பெயர் சேர்த்த கூகுள் படிவத்தைப் போய்ப் பார்த்தோம். லிங்க் கையில் இருக்கும் எவரும் திறக்கக்கூடியதாக அந்தப் பட்டியல் அப்படியே இருந்தது. பிள்ளைகளின் முகவரி, தாயின் போன் நம்பர், குடும்ப வருமானம், வங்கிப் புத்தகத்தின் படம். அதை உடனே அழித்தோம். அதற்கு முன் யார் யார் பார்த்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது.

ஆகவே இது மற்றவர்களை மட்டும் நோக்கிச் சுட்டும் விரல் இல்லை.

ஒரு பாடசாலை ஒரு பிள்ளையைப்பற்றி எவ்வளவு அறிந்து வைத்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். முதலாந் தரத்தில் சேர்ப்பதற்கே காணி உறுதி, மின்சாரப் பட்டியல், வாக்காளர் இடாப்பின் பிரதி, பிறப்புச் சான்றிதழ் என்று கட்டுக்கட்டாகக் கொண்டுபோக வேண்டும். எங்கள் தலைமுறையின் பிறப்புச் சான்றிதழில் இனம் இருக்கிறது, பெற்றோர் விவாகம் செய்தவர்களா என்பதும் இருக்கிறது. அதன் போட்டோக் கொப்பிதான் விளையாட்டுப் போட்டிக்கும் ரியூசனுக்கும் என்று கைமாறித் திரிகிறது. பிறகு வருடாந்தப் பாடசாலைத் தொகைமதிப்பு, கல்வி அமைச்சின் தகவல் முகாமைத்துவ முறைமை என்று விபரங்கள் மேலே போகின்றன. கேட்டவர் ஏன் கேட்கிறார் என்று நாங்கள் கேட்பதில்லை. அதிபர் கேட்டால் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

2020 இல் கொரோனாவோடு பாடசாலைகள் மூடப்பட்டபோது இதெல்லாம் வட்ஸ்அப்பிற்கும் வைபருக்கும் வந்தது. அவசரத்துக்குத் தொடங்கிய குறூப்புகள் இன்றைக்கும் ஓடுகின்றன. முழு வகுப்பின் புள்ளிப் பட்டியலும் அதிலே விழுகிறது. வசதிக் கட்டணம் கட்டாத பிள்ளையின் பெயரும் விழுகிறது. அந்தக் காலத்தில் 49 நாடுகளின் அரசுகள் பரிந்துரைத்த 160க்கும் மேற்பட்ட இணையக் கல்விச் செயலிகளையும் தளங்களையும் மனித உரிமைகள் கண்காணிப்பகம் ஆராய்ந்து 2022 இல் அறிக்கை வெளியிட்டது. பத்தில் ஏறத்தாழ ஒன்பது, பிள்ளைகளின் தரவுகளை அவர்களின் உரிமைக்கு ஆபத்தான விதத்தில் கையாண்டிருந்தன.

பெறுபேறு வந்த அடுத்த நாள் ரியூட்டரி வாசல்களைப் பாருங்கள். 9ஏ எடுத்தவர்கள், புலமைப்பரிசிலில் சித்தியடைந்த பத்து வயதுப் பிள்ளைகள், எல்லாரும் பனரில் சிரிக்கிறார்கள். யாரிடம் கேட்டார்கள்? பனரில் இல்லாத பிள்ளையும் அந்த றோட்டால்தான் போகவேண்டும்.

"ஆதாரம் காட்டாட்டி வெளிநாட்டிலயிருந்து காசு வராது" என்று சொல்வார்கள். கணக்குக் கேட்பது நியாயம்தான். பற்றுச்சீட்டு இருக்கிறது, எத்தனை பிள்ளைகள் என்ற எண்ணிக்கை இருக்கிறது, அதிபரின் கடிதம் இருக்கிறது. பிள்ளையின் முகம் எந்தக் கணக்கிற்குத் தேவை? "தாய் சம்மதிச்சவா" என்பார்கள். பையை நீட்டிக்கொண்டே "படம் எடுக்கலாமோ" என்று கேட்டால் எந்தத் தாய் மாட்டேன் என்பாள்? வேண்டாம் என்று சொன்னாலும் பை கிடைக்கும் என்று தெரிந்தால்தான் அது சம்மதம்.

பட்டியல் என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியாமலும் இல்லை. 1983 யூலையில் வாக்காளர் இடாப்பை வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வந்தார்கள். போர் முடிந்த பிறகு படையினர் எடுத்த குடும்பப் பதிவை எதிர்த்து 2011 இல் உயர் நீதிமன்றம்வரை போனார்கள். "ஏன் பதியிறியள்?" என்று படையினரிடம் கேட்கத் தெரிந்த சமூகம், தன் பிள்ளைகளின் விபரங்களைத் தானே தெருவில் ஒட்டுகிறது.

சட்டம் இருக்கிறது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிள்ளையின் தரவைச் சிறப்பு வகைக்குள் வைத்திருக்கிறது. இனம், மதம், உடல்நலம் பற்றிய தரவுகளுக்குரிய அதே கவனம் அதற்கும் வேண்டும். ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டிய முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டன. அதற்காக நாங்களும் காத்திருக்கத் தேவையில்லை.

எந்தப் படிவத்தின் தலையிலும் மூன்று விடயங்கள் எழுதப்பட வேண்டும்: ஏன் கேட்கிறோம், யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்போம். வறுமையும் இழப்பும் நோயும் வகுப்பாசிரியரோடு நிற்க வேண்டும், குறூப்பிற்கு வரக்கூடாது. புள்ளிகளை அந்தந்தப் பிள்ளைக்குத் தனியாகக் கொடுங்கள். அமைச்சு சேர்க்கும் மாணவர் தரவை யார் யார் திறக்கலாம் என்று 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போட்டுக் கேட்கலாம். பழைய மாணவர் சங்கங்களில் இருக்கும் நண்பர்களே, அடுத்த கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுங்கள்.

நாங்கள் எடுத்த முடிவு இது: இனி முகம் கேட்கும் எந்த உதவித்திட்டத்திலும் எங்கள் கை இருக்காது. இதனால் சில உதவிகள் கைநழுவும், அதுவும் தெரியும். அந்தத் தங்கச்சியிடம் மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்லை அக்கா" என்றாள். பரவாயில்லை என்று நாங்கள் நினைக்கவில்லை.