ஏமாற்றுக் கம்பியும் ஒரு பாலமும்

பிள்ளைகளைப் பார்க்க நியூயார்க் போகும் அப்பா, அம்மாக்களே! சுதந்திர தேவி சிலைக்குப் படகு டிக்கெட் வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும். புரூக்ளின் பாலத்துக்கு நல்ல செருப்பு இருந்தால் போதும். கட்டணம் கிடையாது.

கார்கள் கீழே ஓட, மேலே மரப்பலகை பதித்த பாதையில் நடக்கலாம். நீளம் ஏறக்குறைய 1.8 கிலோமீட்டர். புரூக்ளின் கரையிலிருந்து கிளம்புங்கள். மன்ஹாட்டன் கட்டடங்கள் கண்ணெதிரே வரும். காலையில் சீக்கிரம் போனால் கூட்டத்தில் இடிபட வேண்டாம்.

போகும்போது அந்தக் கம்பிவடங்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். மொத்தம் நான்கு. ஒவ்வொன்றுக்குள்ளும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கம்பிகள். கம்பி சப்ளை செய்த ஒப்பந்தக்காரர் ஒரு தில்லாலங்கடி. சோதனையில் தேறிய நல்ல கம்பியை வழியிலேயே மாற்றி, மட்டமானதைப் பாலத்துக்கு அனுப்பிவிட்டு, நல்லதையே மறுபடி மறுபடி சோதனைக்குக் காட்டியிருக்கிறார். 1878-ல் குட்டு உடைந்தபோது மட்டக் கம்பி வடத்துக்குள் ஏறிவிட்டது. பிரித்தெடுக்கவும் வழியில்லை. நல்லவேளை, தேவையைப்போல ஆறு மடங்கு பலம் இருக்கும்படி வடிவமைத்திருந்தார்கள். அது ஐந்து மடங்காகக் குறைந்தாலும் தாங்கும் என்று கணக்குப் போட்டு, வடத்துக்கு 150 நல்ல கம்பி கூடுதலாகச் சேர்த்தார்கள். மட்டக் கம்பி இன்றும் உள்ளேதான் இருக்கிறது!

பாலத்தைத் திட்டமிட்ட ஜான் ரோப்லிங், 1869-ல் படகு மோதிக் கால் நசுங்கி, ஜன்னி கண்டு இறந்தார். பொறுப்பேற்ற மகன் வாஷிங்டன், ஆற்றடியில் காற்றழுத்த அறைக்குள் இறங்கி வேலை பார்த்து நோயாளியானார். ஜன்னல் வழியே தொலைநோக்கியில்தான் வேலையைப் பார்க்க முடிந்தது. கணவரின் உத்தரவுகளைத் தளத்துக்குக் கொண்டுபோன மனைவி எமிலி, கம்பியின் வலிமை, வடத்தின் வளைவு என்று பொறியியலையே கற்றுக்கொண்டு பொறியாளர்களோடு பேசினார். இப்படிப் பத்து வருஷத்துக்கு மேல்! 1883 மே 24-ல் பாலம் திறந்தது.

கோபுரத்தில் எமிலிக்கு 1951-ல் ஒரு பலகை வைத்தார்கள். அது புகழ்வது ஒரு பெண்ணின் தியாகத்தை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். கணவருக்காகப் பாடுபட்டார், சரி. கணக்குப் படித்ததை யார் சொல்வது?

நடந்து முடித்ததும் மன்ஹாட்டன் பக்கம் இறங்கினால் சிட்டி ஹால் ரயில் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. கால் வலித்தால் திரும்பி நடக்க வேண்டாம்.