செத்த போர்டும் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்தான்

ப்ராஜெக்ட் சீசன் ஆரம்பிச்சாச்சு. உங்க கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல இந்நேரம் அந்த போஸ்டர் வந்திருக்கும். ஹார்டுவேர், சோர்ஸ் கோடு, ரிப்போர்ட், பிபிடி, வைவாவுக்கான கேள்வி பதில் வரைக்கும் எல்லாம் சேர்த்து ஒரே விலை. வாங்குறவங்களைத் திட்டுறதுக்காக இதை எழுதல. பிளேஸ்மென்ட், அரியர், இன்டர்ன்ஷிப்னு எல்லாரும் ஓடிக்கிட்டிருக்கிற நேரம், நாலு பேர் காசு போட்டு வாங்கிடுறாங்க, புரியுது. ஆனா அதுக்குப் பதிலா செய்யக்கூடிய ஒண்ணு இருக்கு. அதைத்தான் ரிவ்யூ பேனல்கள் ப்ராஜெக்ட்னே ஒத்துக்க மாட்டேங்குது.

செத்துப்போன ஒரு கேம் கன்சோலோட மதர்போர்டை எடுக்கறீங்க. எந்தக் கெப்பாசிட்டர் போச்சுன்னு கண்டுபிடிக்கறீங்க. மாத்துறீங்க. அது ஏன் போச்சுன்னு அளவுகளோட எழுதிக் கொடுக்கறீங்க. என்னைக் கேட்டா இது முழு ப்ராஜெக்ட். ரிவ்யூல சொன்னா வர்ற முதல் கேள்வியும் நமக்குத் தெரியும்: "இதுல நாவல்டி எங்கப்பா? மெக்கானிக் வேலைதானே இது?"

மெக்கானிக் வேலைதான். அதுக்குள்ள என்ன இருக்குன்னு பார்த்துட்டு அப்புறம் முடிவு பண்ணலாம்.

2001-ல வந்த முதல் எக்ஸ்பாக்ஸை எடுத்துக்கங்க. அதோட கடிகாரத்துக்குப் பட்டன் பேட்டரி கிடையாது. ப்ளக்கைப் பிடுங்கினா சில மணி நேரத்துக்காவது நேரம் மறக்காம இருக்கணும்னு 1 ஃபாரட், 2.5 வோல்ட் சூப்பர் கெப்பாசிட்டர் ஒண்ணு வெச்சாங்க. வருஷம் ஆக ஆக அது கசியும். கசிஞ்ச திரவம் போர்டு மேல பரவி, பக்கத்துல ஓடுற மெல்லிசான காப்பர் டிரேஸ்களை அரிச்சிடும். இதுக்கு கன்சோல் ஓடணும்னுகூட இல்ல, பரண்ல சும்மா கிடந்தாலும் அரிப்பு நடந்துக்கிட்டே இருக்கும். ஒரு நாள் எடுத்து மாட்டினா பட்டனைத் தொடாமலே தானா ஆன் ஆகும், இல்ல ஆனே ஆகாது. பார்க்கிறவங்க பவர் சப்ளையைச் சந்தேகப்படுவாங்க. போனது பட்டன் சிக்னல் போற டிரேஸ்.

இதுல வேடிக்கை என்னன்னா, அந்தக் கெப்பாசிட்டரை எடுத்துட்டு திரும்ப எதுவுமே போடலன்னாலும் எக்ஸ்பாக்ஸ் நல்லா ஓடும். ப்ளக்கைப் பிடுங்குற ஒவ்வொரு தடவையும் நேரம் செட் பண்ணச் சொல்லும், அவ்வளவுதான். (கடைசியா வந்த 1.6 ரிவிஷன்ல வேற கெப்பாசிட்டர், அது இந்த அளவுக்குத் தொல்லை தராது.) அப்போ உண்மையான வேலை, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால போர்டைத் துடைச்சு, ஒவ்வொரு டிரேஸா கன்டினியூட்டி பார்த்து, அறுந்த இடத்துல மெல்லிசு வயர் இழுக்கிறது. நேரம் ஞாபகம் வெச்சுக்கிறதுக்காகப் போட்ட ஒரு பார்ட் மொத்த போர்டையும் சாகடிச்சிருக்கு. எந்த எலெக்டிவ் பேப்பரும் இதை இவ்வளவு தெளிவா எனக்குச் சொல்லிக் கொடுத்ததில்ல.

லேப்ல நமக்குக் கெப்பாசிட்டர்னா ஆர்சி சர்க்யூட், சார்ஜிங் கர்வ், அரை சிவி ஸ்கொயர். அது வயசாகும்னு எந்த ரெக்கார்டு நோட்லயும் நாம எழுதினதில்ல. எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் உள்ள ஈரமா இருக்கிற வரைக்கும்தான் உயிரோட இருக்கும். உறையில "105 டிகிரி, 2000 மணி நேரம்"னு போட்டிருப்பான். சூடு 10 டிகிரி குறைஞ்சா ஆயுள் இரண்டு மடங்கு, இதுதான் தோராயக் கணக்கு. 65 டிகிரியில ஓடினா 32,000 மணி நேரம். தினம் 4 மணி நேரம் விளையாடினா 20 வருஷத்துக்கு மேல வரும். அதே கன்சோலை மூடின டிவி அலமாரிக்குள்ள தள்ளி 85 டிகிரிக்குக் கொண்டுபோனா 8,000 மணி நேரம், அஞ்சரை வருஷம். நம்ம ஊர் மே மாசத்தையும் கணக்குல சேர்த்துக்கங்க.

தலை உப்பி, பழுப்பா கசிஞ்சிருந்தா குழந்தைகூட காட்டிடும். கஷ்டம், பார்க்க நல்லா இருக்கிற கெப்பாசிட்டர்தான். மல்டிமீட்டர்ல வெச்சா மைக்ரோஃபாரட் அளவு சரியாவே காட்டலாம். போர்டுல இருக்கும்போதே அளந்தா, பக்கத்துல பேரலலா இருக்கிற கெப்பாசிட்டர்களையும் சேர்த்துக் காட்டும். கெட்டுப்போனது ஈஎஸ்ஆரா இருக்கும், அதாவது கெப்பாசிட்டருக்குள்ளயே சீரிஸ்ல ஒளிஞ்சிருக்கிற ரெசிஸ்டன்ஸ். கணக்கு நம்ம முதல் வருஷக் கணக்குதான். 2 ஆம்பியர் ரிப்பிள் கரன்ட், ஈஎஸ்ஆர் 20 மில்லிஓம்னா 40 மில்லிவோல்ட் ஆட்டம். வயசாகி அது அரை ஓம் ஆயிடுச்சுன்னா 1 வோல்ட். பிராசஸருக்குப் போற லைன் ஒண்ணரை வோல்ட்டுக்குள்ள இருந்தா அது எப்படி பூட் ஆகும்? கூடவே 2 வாட் சூடு அந்தக் குட்டி டப்பாக்குள்ளயே. சூடு ஏற ஏற இன்னும் காயும், காயக் காய ஈஎஸ்ஆர் இன்னும் ஏறும். இதைப் பிடிக்க ஈஎஸ்ஆர் மீட்டர் வேணும், இல்லன்னா ஓடுற போர்டுல ஆசிலோஸ்கோப் வெச்சு ரிப்பிள் பார்க்கணும். நம்ம லேப்ல சைன் வேவ் மட்டுமே பார்த்துப் பழகின அந்த ஸ்கோப்புக்கும் ஒரு நாள் உருப்படியான வேலை கிடைக்கும்.

புது கன்சோல்கள்ல கதை வேற. அங்க அரிசி மணியைவிடச் சின்னதா நூத்துக்கணக்கில செராமிக் கெப்பாசிட்டர்கள். ஒண்ணுல விரிசல் விட்டு ஷார்ட் ஆனா மொத்த லைனும் கிரவுண்டுல படுத்துடும், வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. கடைக்கார அண்ணன்கள் ஒரு வித்தை வெச்சிருக்காங்க. பென்ச் சப்ளையில கரன்ட் லிமிட் வெச்சு 1 வோல்ட் மாதிரி கொடுத்துட்டு, போர்டு மேல ஆல்கஹால் தடவி உத்துப் பார்ப்பாங்க. எந்த இடம் முதல்ல காயுதோ அங்கதான் திருடன். ஆனா ஜிபியு கோர் லைன் நல்ல போர்டுலயே ஒரு ஓமுக்குக் கீழ காட்டலாம், அதை ஷார்ட்னு நினைச்சுத் தேடினா ராத்திரி முழுக்கத் தேட வேண்டியதுதான்.

நாவல்டி கேக்கறவங்களுக்கு நான் காட்ட நினைக்கிறது பிளேஸ்டேஷன் 3. ஆரம்ப மாடல்கள் மஞ்சள் லைட் காட்டிச் சாகும். போர்டுல தட்டையா இருக்கிற என்இசி டோக்கின் கெப்பாசிட்டர்கள்தான் காரணம்னு சொல்லி, அதை எடுத்துட்டு டான்டலம் போட்டாங்க. சிலது பிழைச்சது. சிலது பிழைச்ச மாதிரி ஓடி, கொஞ்ச நாள்ல திரும்பச் செத்தது. ஏன்னா பல போர்டுகள்ல போயிருந்தது கெப்பாசிட்டரே இல்ல, ஆர்எஸ்எக்ஸ் கிராஃபிக்ஸ் சிப்போட உள் இணைப்புகள். கெப்பாசிட்டர் மாத்துறதுக்காக ஹாட் ஏர் காட்டினப்போ பக்கத்துல இருந்த சிப்பும் சூடாகி, விட்டுப்போன இணைப்பு தற்காலிகமா ஒட்டிக்கிச்சு. "மாத்தினேன், ஓடுது" என்பது ஆதாரமே இல்லன்னு இதைவிட நல்லா யார் சொல்லித் தர முடியும்? அந்த போர்டுல சிஸ்கான்னு ஒரு சிப் எரர் கோடுகளைச் சேமிச்சு வெச்சிருக்கு. சாதாரண யுஎஸ்பி-டிடிஎல் அடாப்டர் போட்டு அதைப் படிக்கலாம். கோடு படிச்சு, ரிப்பிள் அளந்து, மாத்தின பிறகு திரும்ப அளந்து, நாலு வாரம் ஓடவிட்டுப் பார்த்து எழுதினா, அது ஆராய்ச்சி இல்லாம வேற என்ன?

மாத்துற வேலையைப் பத்தி ரொம்பச் சொல்லத் தேவையில்ல. மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்டேஜ் அதே அளவு அல்லது கூட, லோ ஈஎஸ்ஆர், 105 டிகிரி, உயரம் மூடிக்குள்ள அடங்கணும். அலுமினியத்துல கோடு போட்ட பக்கம் மைனஸ், டான்டலத்துல கோடு போட்ட பக்கம் பிளஸ். இதை மாத்திப் போட்டா டான்டலம் தீப்பிடிச்சே பதில் சொல்லும். சென்னைல இருக்கறவங்க ரிச்சி ஸ்ட்ரீட்ல கேட்டுப் பாருங்க, நல்ல பிராண்டு பேர்ல டூப்ளிகேட்டும் கிடைக்கும், அதனால வாங்கினதும் அளந்துடுங்க. இன்னொண்ணு, இதுல விளையாட்டே கிடையாது: பவர் சப்ளையோட ப்ரைமரி பக்கம் 230 வோல்ட் ரெக்டிஃபை ஆகி 320-க்கு மேல நிக்கும், ப்ளக்கைப் பிடுங்கின பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். முதல் எக்ஸ்பாக்ஸ்ல அது டப்பாக்குள்ளயே இருக்கு. ரெசிஸ்டர் வெச்சு டிஸ்சார்ஜ் பண்ணி, மீட்டர்ல பார்க்காம கை வைக்காதீங்க.

கன்சோல் கிடைக்கலன்னு சொல்லாதீங்க. கேம் சென்டர், ரிப்பேர் கடை, பழைய இரும்புக் கடை, சீனியர் வீட்டுப் பரண்னு எங்கேயாவது ஒண்ணு தூங்கிக்கிட்டிருக்கும். அதுவும் இல்லன்னா டிபார்ட்மென்ட் ஸ்டோர் ரூம்ல கண்டெம்ன்டு ஸ்டிக்கர் ஒட்டின மானிட்டரும் எஸ்எம்பிஎஸ்ஸும் இருக்கும், அதுலயும் இதே கெப்பாசிட்டர்தான். டைட்டில் மட்டும் கொஞ்சம் கனமா வைங்க: "ஃபெயிலியர் அனாலிசிஸ் ஆஃப் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்ஸ் இன் கன்ஸ்யூமர் எலக்ட்ரானிக்ஸ்". ரிப்பேர்ங்கிற வார்த்தை முதல் ரிவ்யூ முடியற வரைக்கும் எந்த ஸ்லைடுலயும் வரக் கூடாது.