ஒவ்வாமைப் பயிற்சி மலையேற வேண்டும்

பாம்புக்கடி நஞ்சுமுறிவு மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கப்படுகிறது. அது உயிர் காக்கும். சிலருக்கு ஒவ்வாமையையும் கிளப்பும். ஊசி ஏறிய சில நிமிடங்களில் உடம்பெங்கும் தடிப்பு, மூச்சிரைப்பு, ரத்த அழுத்தச் சரிவு. அந்த நேரத்தில் பெரியவர்களுக்குத் தொடைத் தசையில் போடும் அரை மில்லிகிராம் அட்ரினலின்தான் முதல் மருந்து. விலை மலிவு, தயங்காமல் போடும் கைகளுக்குத்தான் பயிற்சி தேவை. கல்வராயன்மலையின் வளைவுச் சாலைகளில் நோயாளி கள்ளக்குறிச்சிக்கு இறங்கும்வரை இந்த ஒவ்வாமை காத்திருக்காது.

தோலில் தெரியும் எச்சரிக்கையும் அப்படியே. வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமாசபின் அல்லது சல்பா மாத்திரைகளைத் தொடங்கிய சில வாரங்களுக்குள் காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு, கொப்புளம் சேர்ந்து வந்தால், அது வெறும் அரிப்பு அல்ல. சந்தேகத்துக்குரிய மாத்திரையை உடனே நிறுத்தி, நோயாளியைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

பூசும் மருந்திலும் கவனம் தேவை: பார்த்தீனியச் செடி பட்டு வரும் அரிப்புக்குக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு, தொடர்ந்து பூசினால் தோலை மெலியவைக்கும்.

கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதன் தோல் நோய், பொது மருத்துவத் துறைகள் மலையிலுள்ள செவிலியர், மருந்தாளுநர், 108 ஆம்புலன்ஸ் ஊழியர், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத் தன்னார்வலர்களுக்கு இவற்றில் ஆண்டுதோறும் செய்முறைப் பயிற்சி தர வேண்டும். ஒவ்வாத மருந்தின் பெயரை எழுதிய அட்டை, ஒவ்வாமை வந்த ஒவ்வொரு நோயாளியின் கையிலும் இருக்க வேண்டும். பக்கவிளைவுகளை 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கும் பழக்கமும் வர வேண்டும்.

மாவட்ட நிர்வாகம் இதை இந்த ஆண்டே தொடங்கட்டும்.