பச்சையை அழிக்கப் போகுமுன்

பச்சை குத்திக்கொள்வது நம் வட்டாரத்திற்குப் புதிதன்று. காசிமேட்டிலும் திருவொற்றியூர்க் குப்பங்களிலும் வயதான பாட்டிமாரின் கைகளைப் பாருங்கள். கோலப் புள்ளிகளோ பெயரோ இருக்கும். கரியைக் குழைத்து ஊசியால் குத்திய அதனை அழிக்க அவர்கள் நினைத்ததேயில்லை. இன்றைய அக்காமாரோ பல வண்ணங்களில் 'டாட்டூ' குத்திக்கொண்டு, சில ஆண்டுகளிலேயே அழிக்க இடம் தேடுகின்றனர். இராணுவத்தில் சேர விரும்பும் அண்ணன்மாருக்கும் இக்கவலை உண்டு. முன்கையின் உட்புறம், புறங்கை தவிர வேறிடத்தில் பச்சை இருந்தால் அங்கே சேர்ப்பதில்லை. பழங்குடியினருக்கு மட்டும் விலக்கு.

லேசர் ஒளி மையைத் துகளாக்கும். துகளை உடலே மெல்ல அகற்றிவிடும். ஆனால் தோழியரே, நம் தோலுக்கு நிறம் தரும் மெலனினும் அந்த ஒளியை உறிஞ்சுகிறது. மையில் இறங்க வேண்டிய சூட்டில் ஒரு பங்கு தோலிலேயே தங்கிவிடும். கொப்புளம் எழும்; ஆறிய பின் வெண்திட்டோ கருந்திட்டோ நிற்கும்; சிலருக்குத் தழும்பு தடித்து வளரும். நம் நிறத்தைக் குறை சொல்லவில்லை. வெயிலிலிருந்து நம்மைக் காப்பதும் அந்த மெலனின்தான். குறை, நம்மை எண்ணாமல் கருவியை இயக்குவோரிடம் இருக்கிறது. 1975-இல் அமெரிக்க மருத்துவர் ஃபிட்ஸ்பாட்ரிக் தோலை வகைப்படுத்தியபோதுகூட வெள்ளைத் தோலுக்கே நான்கு வகை வகுத்தார். பழுப்பும் கறுப்பும் பிறகுதான் சேர்ந்தன.

1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் லேசரை மெலனின் குறைவாகவே உறிஞ்சும். ஆகவே நமக்கு ஏற்றது அதுவே. கரு மையை அது நன்றாக அழிக்கும். சிவப்பு மைக்கோ 532 நானோமீட்டர் ஒளி வேண்டும். அதை மெலனின் மிகுதியாக உறிஞ்சிக்கொள்ளும். வேடிக்கையைப் பாருங்கள்: பாட்டியின் கரிப் பச்சை எளிதில் போகும், அக்காவின் வண்ணப் பூதான் படுத்தும்!

"ஒரே தடவையில் போய்விடும்" என்று எந்த அழகு நிலையத்திலாவது சொன்னால், எழுந்து வந்துவிடுவதே நல்லது என்பேன். ஆறு முதல் எட்டு வார இடைவெளியில் பல தடவை செய்ய வேண்டிய வேலை அது. முதலில் சிறு இடத்தில் சோதித்து, சில வாரம் பொறுத்துப் பார்க்க வேண்டும். எந்தக் கருவி, எந்த அலைநீளம், இயக்குபவர் தோல் மருத்துவரா என்று பெற்றோர் தயங்காமல் கேட்கலாம். அருகிலுள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் முன்னதாக ஆலோசனை கேட்டுக்கொள்வது இன்னும் மேல்.

புண் ஆறுமுன் எலுமிச்சைச் சாறு, மஞ்சள் என்று எதையும் பூச வேண்டாம். வெயில் பட்டால் கருந்திட்டு கூடும். துறைமுகத்தில் மீன் கூடையோடு நாளெல்லாம் நிற்கும் பெண்கள், சித்திரை வெயிலை விட்டு மார்கழியில் தொடங்கி, முழுக்கை ரவிக்கை அணிந்துகொள்ளலாம்.